பேய்க் கதைக்கு எத்தனை டிகிரி

முப்பத்திரண்டாம் வயதில் நான் ஒரு பேய் நாவல் எழுதினேன். இத்தனை நாள் இதை வெளியில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பேய் அல்ல, நாவல். அதில் ஏழு பேய்கள், இரண்டு டிராகன்கள், முந்நூறு வருஷத்துச் சாபம் ஒன்று, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாகிவிடும் தாசில்தார் மகன் ஒருவன். கதாநாயகி மரக்காணத்துப் பெண். ஐந்தாம் அத்தியாயத்தில் பனி கொட்டும் மலைக்கோட்டை ஒன்றுக்குப் போய்விடுவாள். பனிக்கட்டியை நான் பார்த்ததெல்லாம் மீன்கூடையில்தான். இதெல்லாம் போதாதென்று, அந்த நாவலுக்கு இருபத்தொன்பது கிடைத்துவிட்டது என்று நான் வேலை பார்த்த தபால் நிலையம் முழுவதற்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

இருபத்தொன்பது போட்டவர் ஓர் அக்கா. பெயர் வேண்டாம். தன் பெயரை அச்சில் பார்த்தால், "என்னிய எந்தப் பக்கத்துல சாவடிக்கப் போறீங்க?" என்று கேட்கக்கூடியவர்.

மரக்காணத்து உப்பளம் ஒன்றில் தண்ணீரின் டிகிரி பார்ப்பது அவர் வேலை. உப்பங்கழியிலிருந்து இறைத்த தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காய விடுவார்கள். எந்தப் பாத்தியில் தண்ணீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று கண்ணாடி மிதவை ஒன்றைப் போட்டுப் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் மடை திறக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காதுக்குப் பின்னால் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிய மூக்குக் கண்ணாடி. முதலாளியே வரப்பில் வந்து நின்று, "என்னம்மா, தொறக்கலாமா?" என்றாலும் பதில் உடனே வராது.

"மிதவ நிக்கட்டும்ங்க."

கண்ணாடி மிதவை ஆடிக்கொண்டிருக்கும். முதலாளியும் அதைப் பார்த்துக்கொண்டே வெயிலில் நிற்பார். ஆட்டம் நின்ற பிறகுதான் எண் வரும். வந்த எண்ணை யாரும் மாற்ற முடியாது. அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான்.

நான் அவரை முதலில் பார்த்தது தபால் நிலையக் கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து. சுனாமி அலை வந்ததற்குச் சில மாதங்கள் முன்னால். வெளிநாட்டிலிருந்து அவருக்கு ஒரு பார்சல். கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே பிரித்தார். தடிமனான ஆங்கில நாவல். அட்டையில் ஒரு பெண்ணும் ஒரு டிராகனும், கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல் நின்றார்கள்.

"ரெண்டாவது பாகம் சார்," என்றார், நான் கேட்காமலே. "மொத பாகத்துல அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்திடுச்சி. மூணாவது பாகம் கையில இருக்குது, அதுல அரமனையில இருக்குது. எப்பிடி ஏறிச்சின்னு தெரியாம எப்பிடிப் படிக்கிறது? மூணு வருஷமா கெணத்துக்குள்ளயே நிக்குது பாவம். இன்னைக்கி ஏத்திவுட்டுடறேன்."

டிகிரி பார்க்கிற வேலைக்கு வருவதற்கு முன் அவர் குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கிப் போகிறவர்கள் படித்து முடித்த புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்கள். தியானப் புத்தகங்களை அடுத்து வருகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டிராகன்களையும் ஆவிகளையும் யாரும் சீந்தவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டாவது வரை கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அக்கா அவற்றில் நுழைந்தார். வெளியே வரவேயில்லை. அந்த இரண்டாம் பாகம் தங்கிப் போன ஒரு பெண்மணி தெரியாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு போனது. அந்தப் பெண்மணிக்குக் கடிதம் எழுதி வரவழைத்திருக்கிறார். கிணற்றிலிருந்து ஒரு பெண்ணை ஏற்றுவதற்காகக் கண்டம் விட்டுக் கண்டம் கடிதம் போட்ட வாசகரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

உப்பளத்து மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து படிப்பார். பாத்திகளுக்கு முதுகைக் காட்டித்தான். எதிரே பார்த்து உட்கார்ந்தால் வெள்ளை கண்ணைப் பறித்துவிடும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட மாட்டார். உப்பளத்தில் யாரும் விரலை வாயில் வைப்பதில்லை. ஓர் ஐஸ்குச்சி வைத்திருந்தார், அதனால் தள்ளுவார். அப்படியும் அவர் படித்த புத்தகங்களின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கும்.

பாதியில் அபிப்பிராயம் கேட்டால் கிடைக்காது. "மிதவ நிக்கட்டும் சார்." முடித்துவிட்டால் நிறுத்த முடியாது.

"மொத பக்கத்துல மேப் போட்டிருந்தான்னா, நம்மள நடக்கவுடப் போறான்னு அர்த்தம்."

"நூறு வருஷத்துக்கு முந்தியே இவன்தான் ராஜான்னு எழுதி வச்சிட்டாங்களாம். அப்புறம் எதுக்கு சார் நானூறு பக்கம் ஓடறான்? வூட்டுலயே குந்திக்கினு இருந்தா ஆவாதா?"

மனித ஓநாய்கள்மீது அவருக்கு மரியாதையே கிடையாது. "பௌர்ணமிக்கு ஓநாய் ஆவறான். ஆவட்டும். என்னைக்கின்னு தெரியுது இல்ல? ஒவ்வொரு தடவயும் அவனுக்கே ஆச்சரியமா இருக்குது! எங்க கழியில பௌர்ணமி அமாவாசைக்குத்தான் தண்ணி ஏறும். காலண்டர் பாக்காம ஒருத்தன் மடையில கைய வைப்பானா? இவனும் பாத்துட்டு ரெண்டு நாள் லீவு போட வேண்டியதுதானே?"

ரத்தம் குடிக்கும் அழகர்களைக் காதலிக்கிற பெண்களைப் பற்றி அவர் சொன்னதை நான் பல இடங்களில் என் சொந்தச் சரக்காக விற்றிருக்கிறேன். "எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கெழம ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு. இவளுங்க ஊர்ல ஓலை வாசிச்சிருந்தா, ரெண்டாவது ஞாயித்துக்கெழமயே யாராச்சும் எழுந்து சொல்லியிருப்பாங்க, ஃபாதர், இவன் ரத்தம் குடிக்கிறவன்னு."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த எழுத்தாளர்கள் எல்லோரையும் மன்னித்தார். ஆவி வருகிற நாவல்களில் இரண்டுக்கு ஒன்றில், தரையில் உப்பால் வட்டம் போட்டு ஆட்கள் உள்ளே நின்றுகொள்கிறார்கள். ஆவியால் அதைத் தாண்ட முடிவதில்லை. அக்கா இதை வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் சொன்ன அன்று உப்பளமே நிமிர்ந்து உட்கார்ந்ததாம். உப்பு வாருகிற ஒரு பெரியவர் மூன்று முறை கேட்டிருக்கிறார்: "நம்ம சரக்கப் பாத்தா? வெள்ளக்காரப் பேயிங்களா?" அன்று மாலை முழுக்க அவர் உப்பு வாரும் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்த நடையே வேறு என்று கேள்வி.

ஆனால் அதிலும் அக்காவுக்கு ஒரு குறை உண்டு. "ஒரு சிட்டிக உப்புல ரூமு முழுக்க வட்டம் போடறாங்க சார். அதுவும் மழ ராத்திரியில. ஈரக் காத்து பட்டா ஒரு மணி நேரத்துல தண்ணியா ஓடிடாது? பேயி கொஞ்சம் பொறும காட்டியிருந்தா எல்லாரையும் புடிச்சிருக்கும்."

பிறகு அலை வந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வந்த பிறகு வந்த பெட்டிகளைப் பற்றி மட்டும்.

உலகம் முழுவதிலிருந்தும் எங்கள் பங்குக் கோயிலுக்கு நிவாரணப் பெட்டிகள் வந்தன. நல்ல மனசோடு அனுப்பியவை. கம்பளிக் கோட்டுகள், கம்பளிக் குல்லாய்கள், குதிகால் உயர்ந்த செருப்புகள். சித்திரை வெயிலில் குல்லாய் போட்டுக்கொண்டு ஒருவர் வலை பின்னியதை நான் பார்த்தேன். அவற்றோடு மூன்று பெட்டி நிறையப் புத்தகங்கள், எங்கோ ஒரு பள்ளிக்கூடத்து வாலிபப் பிள்ளைகள் படித்து முடித்தவை. பங்குத் தந்தை ஒரு பெட்டியைத் திறந்தார். மேலாக இருந்த அட்டையில் கொம்பு வைத்த ஒருவன் சிரித்தான். மூடிவிட்டு அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்காகக் கோயிலை ஒட்டி ஒரு கொட்டகையில் படிப்பகம் ஆரம்பித்திருந்தார்கள். எதை வைக்கலாம், எது கூடாது என்று பிரிப்பது அக்காவின் பொறுப்பு. எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் நீல மையில் ஓர் எண் போட்டார். பதினெட்டு, இருபத்துநான்கு, இருபத்தேழு. சிலவற்றைத் தனிப் பெட்டியில் எடுத்து வைத்தார். அவற்றில் இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று என்று இருந்தது. பங்குத் தந்தை அந்தப் பெட்டியைத் தன் அறையில் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். நல்ல புத்தகங்கள் காணாமல் போய்விடுமாம்.

பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. எனவே ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா கதையைத் தமிழில் சொல்வார். கொட்டகை நிரம்பி வழியும். சொல்லும்போது ஒரு திருத்தம் செய்துகொண்டார். அந்த நாவல்களில் பிள்ளையின் அம்மா பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. "அம்மா உசுரோட இருந்தா வூட்ட வுட்டு அனுப்ப மாட்டா, கத நடக்காது. அதுக்காகக் கொன்னுடறானுங்க," என்று எப்போதும் திட்டுவார். அலைக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளிடம் போய் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆகவே அவர் சொன்ன கதைகளில் எல்லா அம்மாவும் உயிரோடு இருந்தார்கள். சமைத்தார்கள். டிராகன்மேல் ஏறும் மகனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு பெண்பிள்ளை கேட்டதாம். அலையில் அம்மாவைப் பறிகொடுத்தவள். "அம்மா இருக்கிற புள்ளைங்கதான் டிராகன் மேல போவுமாக்கா?"

இதை அக்கா என்னிடம் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் வெகு நேரம் துடைத்தார். "நான் படிச்சதத் தப்பாப் படிச்சிருக்கேன் சார்," என்றார். தான் போட்ட எண்ணை மாற்றாத அவர் அந்த வாரம் உட்கார்ந்து, அம்மா இல்லாத பிள்ளைகள் வரும் ஒன்பது புத்தகங்களின் எண்ணைத் திருத்தினார்.

இந்த நாள்களில்தான் நான் என் நாவலின் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்திருந்தேன். பத்து நாள் கழித்து, பம்பு போடும் அவசரத்தில் கவுண்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முதல் பக்கத்தில் நீல மையில் 29. தனிப் பெட்டியை நான் பார்த்ததில்லை; படிப்பகத்து அலமாரியில் நான் பார்த்த எண்களில் அதுதான் பெரியது. முப்பதுக்கு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ஜாங்கிரி அதற்குத்தான். ஒரு பதிப்பகத்துக்கும், 'மிகக் கறாரான வாசகர் ஒருவர் முப்பதுக்கு இருபத்தொன்பது வழங்கியுள்ளார்' என்று எழுதிப் போட்டேன். அக்காவுக்கும் இரண்டு ஜாங்கிரி கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் படிப்பகத்தின் தலைக்கு விலை வைத்தார்கள். நானும் போயிருந்தேன். முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கியவன் இலக்கியத்தைக் காப்பாற்றப் போகாமல் இருக்க முடியுமா?

பேரவைச் செயலாளர் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தவர். நல்ல மனிதர், அலைக்குப் பிறகு பல வீடுகளுக்குச் சோறு போட்டவர். எழுந்து நின்றார்.

"ஃபாதர், குப்பத்துல புள்ளைங்க வாசப்படிக்கு வாசப்படி உப்பால கோடு போட்டு வச்சிருக்குதுங்க. கேட்டா பேய் உள்ள வராதாம். ஏற்கனவே கரையில செத்தவங்க சுத்தறாங்கன்னு ஊரே பயந்து கெடக்குது. பொழுது சாஞ்சா ஒரு புள்ள கடல் பக்கம் போவ மாட்டேங்குது. இந்த நேரத்துல பெட்டி பெட்டியா பேய்ப் புஸ்தகமா? மொத்தத்தயும் பழைய பேப்பர்காரன்கிட்ட தூக்கிப் போடுங்க."

பலர் தலையாட்டினார்கள். அக்கா பின் வரிசையில், மடியில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. மிதவை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

பங்குத் தந்தை அவருக்கு உதவி செய்ய நினைத்தார். "எல்லாமே அப்படி இல்லைங்க. இந்தம்மா ஒவ்வொண்ணையும் படிச்சி மார்க் போட்டிருக்காங்க. அதுல முதல் மார்க் வாங்கினதையே நான் உங்களுக்குப் படிச்சிக் காட்டறேன்," என்று தன் அறையில் இருந்த பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். முப்பத்தொன்று போட்ட புத்தகத்தை எடுத்தார். நடுவில் திறந்தார். ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

"அப்போது அந்தப் பிசாசு, கல்லறையிலிருந்து எழுந்து... அவனுடைய... அவனுடைய குடலை எடுத்து..."

நிறுத்திவிட்டார். செயலாளர் மெல்ல உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

"ஃபாதர்," என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்தது. "அது கழிச்சது."

"முப்பத்தொண்ணு போட்டிருக்கியேம்மா?"

"அதனாலதான் ஃபாதர்." அக்கா எழுந்தார். "கடல் தண்ணி மூணு டிகிரி. பாத்தி மாற மாற ஏறும். இருபத்தஞ்சுல உப்பு பூக்கும். இருபத்தெட்டு வரிக்கும் வச்சிருக்கலாம். இருபத்தொம்போது வந்திச்சின்னா உப்பு எறங்கிப்போயி கசப்புதான் நிக்கும். மடயத் தொறந்து வெளிய வுட்டுடுவோம். அதுல எடுத்தா சோத்துல போட முடியாது. இந்தப் பெட்டி வெளிய வுடறதுக்கு எடுத்து வச்சது. நீங்க உள்ள வச்சிப் பூட்டிட்டீங்க."

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் தின்ற ஜாங்கிரி தொண்டை வரை வந்து நின்றது.

"அப்ப உப்புக் கோடு?" செயலாளர் விடவில்லை. "அது சூனியம் இல்லியா?"

"மந்திரிச்ச உப்ப வாங்கினு போயி நீங்களும் வாசல்ல போடறீங்க இல்லண்ணே?"

"அது கோயில் உப்பும்மா."

"கோயிலுக்கு எங்க பாத்தியிலேர்ந்துதாண்ணே போவுது."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. செயலாளரே சிரித்துவிட்டார். அடங்கும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு, டிகிரி சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"அண்ணே, பேய் இல்ல, பயப்படாதன்னு சொல்ற ஆளுங்க நம்மகிட்ட நெறைய இருக்காங்க. நீங்க சொல்றீங்க, ஃபாதர் சொல்றாரு, டீச்சர் சொல்றாங்க. புள்ளைங்க நம்பல. வந்தா என்னா பண்றதுன்னு யாரும் சொல்லல. இந்தப் புஸ்தகத்துல அதான் சொல்றான். கோடு போடு, ஒருத்தன் கையி ஒருத்தன் புடிச்சிக்கோ, ஓடாத, பேயோட பேரக் கேளுன்னு. போன வாரம் பன்னெண்டு புள்ளைங்க கையப் புடிச்சிக்கினு பொழுது சாயற நேரத்துல தண்ணி வரிக்கும் போயிட்டு வந்திச்சிங்க. பாக்கெட்டு நெறைய உப்பு. பேய் வரல. வந்திருந்தா அதுக்குத்தான் கஷ்டம்."

செயலாளர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட பெருமை, நான் எழுதிய எதற்கும் இதுவரை ஏற்பட்டதில்லை. எத்தனையோ விமர்சகர்களைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். புத்தகத்தைப் பிரிக்கும் முன்பே எண் சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம். மிதவை நிற்கும்வரை காத்திருந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் உப்பளத்தில் இருந்தார்.

இருபத்தெட்டு வரை அலமாரியில் இருக்கட்டும், அதற்கு மேல் பேப்பர்காரனுக்கு என்று முடிவாயிற்று. பெட்டியைச் செயலாளரே தூக்கிக்கொண்டு போனார்.

வெளியே வந்ததும் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "என்னுது இருபத்தொன்பது அக்கா."

"ஆமா சார்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கல சார். ஜாங்கிரி குடுத்தீங்க. நல்லாத்தான் இருந்திச்சி. எதுக்குன்னு நானும் கேக்கல."

"அவ்வளவு மோசமா?"

"மோசம்னு இல்ல. எல்லாத்தயும் போட்டுக் காய்ச்சிட்டீங்க. அப்புறம் நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல அந்தப் பொண்ணு ஐப்பசி மாசத்துல உப்பு வாருது. மழையில பாத்தியே முழுகிக் கெடக்கும். நீங்க தெனம் அந்த வழியாத்தான் வர்றீங்க. ஏழு பேயக்கூட நம்பிடலாம் சார், ஐப்பசியில உப்பு வார்றத நம்ப முடியாது."

வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். "கசப்பு ஏறிட்டா புதுத் தண்ணி வுட்டா எறங்கும்," என்று அவர் சொல்லியிருந்ததால் மீதியைக் கிழிக்கவில்லை. ஆறு பேய்களையும் இரண்டு டிராகன்களையும் கடலுக்கு அனுப்பினேன். தாசில்தார் மகனுக்கு ஒரு காலண்டர் வாங்கிக் கொடுத்தேன். பனிமலை உருகியது. ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. கதாநாயகியின் அம்மா என்ன ஆவது? போய்க் கேட்டேன்.

அக்கா யோசித்தார். "மூணாம் பக்கத்துல போவட்டும் சார். பரவால்ல. ஆனா பதினஞ்சாம் பக்கத்துல அந்தப் பொண்ணு ஒரு தபா நெனச்சிக்கணும். அந்தப் புஸ்தகத்துல எல்லாம் போனவங்கள மறந்துட்டு ஓடறானுங்க. அதான் எனக்கு ஆவல."

அடுத்த வருஷம், 2006இல், உப்பு வார ஆரம்பித்த மாசத்தில் பிரதியை மறுபடி கொடுத்தேன். எட்டு நாள் படித்தார். எட்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் கொட்டகைக்கு வரச் சொன்னார். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, ஓரத்தில் வெள்ளைக் கோடு படிந்து, என் கதை ஐஸ்குச்சியோடு இருந்தது. முதல் பக்கத்தில் நீல மையில் 25.

"அலமாரியில வச்சிடறேன் சார்," என்றார். அந்த அலமாரியின் ஒரே தமிழ்ப் புத்தகம், கையெழுத்தில், அந்த டிராகன்களுக்கும் ஆவிகளுக்கும் நடுவில். அச்சான என் புத்தகங்கள் எதுவும் அதற்குப் பிறகு அவ்வளவு நல்ல இடத்தில் உட்கார்ந்ததில்லை.

சைக்கிளை மிதித்து நேரே கடைக்குப் போய், ஜாங்கிரி வாங்கிக்கொண்டு தபால் நிலையத்துக்கு ஓடினேன். பேரவைக் கூட்டத்துக்கு வராதவர் எங்கள் போஸ்ட் மாஸ்டர். பொட்டலத்தைப் பார்த்தார். விஷயம் என்ன என்றார். இருபத்தைந்து கிடைத்துவிட்டது என்றேன். ஒரு ஜாங்கிரியை எடுத்து, பாகு சொட்டாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏன்பா, போன வருஷம் இருபத்தொம்போது வாங்கின. நாலு மார்க் கொறஞ்சதுக்குமா ஜாங்கிரி?"